முன்னறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு இன்டர்கொம்

கொக்குவிலில் எங்கள் வீடு நீளமானது. அம்மம்மா முன்னறையில் படுத்திருப்பார்; அம்மா பெரும்பாலும் குசினியிலோ கிணற்றடியிலோ நிற்பார். கூப்பிட்டால் கேட்காது. அதற்காகவே எங்கள் கோட்லெஸ் தொலைபேசிக்கு இரண்டாவது ஹேண்ட்செட் வாங்கினோம். ஆனால் இன்டர்கொம் பொத்தானை அழுத்தினால் வெறும் பீப் ஒலிதான் வந்தது.

தனியாக வாங்கும் ஹேண்ட்செட்டை முதலில் பேஸில், அதாவது தொலைபேசி இணைப்பு செருகியிருக்கும் தாய்க்கருவியில், பதிவு செய்ய வேண்டும். ஒரே பேஸில் பதிந்தவை மட்டுமே தமக்குள் பேசும். எங்கள் மொடலில், பேஸிலுள்ள தேடும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் பதிவைத் தெரிவுசெய்து, இரகசிய எண்ணாக 0000 கொடுத்தேன். திரையில் 2 என்று தோன்றியது. இப்போது அம்மம்மா இன்டர்கொம்மையும் 2 ஐயும் அழுத்தினால் குசினியில் மணி அடிக்கிறது. இது வெளி இணைப்பு வழியாகப் போவதில்லை என்பதால் கட்டணமும் இல்லை.

ரொறன்ரோவிலுள்ள மாமாவின் எண்ணையும் நினைவகத்தில் 3 ஆம் பொத்தானுக்கு ஏற்றினேன். கைபேசியின் + குறி இங்கே உதவாது. 001 416 என்று தொடங்கி முழு எண்ணையும் பதிய வேண்டும். 3 ஐ நீள அழுத்தினால் அழைப்பு போய்விடும். கண் மங்கிய அம்மம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! எங்கள் மொடலில் ஒவ்வொரு ஹேண்ட்செட்டுக்கும் தனி நினைவகம், ஆகவே இரண்டிலும் பதிந்தேன்.

மின்சாரம் நின்றால் பேஸும் நின்றுவிடும். முதியவர்கள் உள்ள வீட்டில் கம்பியுள்ள பழைய தொலைபேசியைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.