ஹிமாலியாவைப் படத்தில் பிடிப்பது எப்படி

வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் பைனாகுலரிலேயே தெரிந்துவிடும். ஹிமாலியா அப்படி இல்லை. வியாழனிலிருந்து 1.1 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், 250 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் சின்ன நிலவு அது. 1904-இல் சார்லஸ் பெரைன் லிக் வானாய்வகத்தில் எடுத்த படத் தட்டுகளில்தான் அது முதலில் சிக்கியது. நாமும் படம் எடுத்துத்தான் தேடப் போகிறோம். 8 அங்குலத் தொலைநோக்கி, நட்சத்திரங்களைப் பிசகாமல் பின்தொடரும் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), ஒரு கேமரா போதும்.

வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வரும் வாரங்களில், நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். அப்போதும் ஹிமாலியாவின் மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு; எண் கூடக் கூட மங்கல்) 15-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

அது வானில் எங்கே இருக்கிறது என்று தெரிய, நாசாவின் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவையில் 506 என்று கொடுங்கள். அது ஹிமாலியாவின் எண். இங்கே கவனம் தேவை. ஆர்.ஏ., டெக் எண்கள் (வானில் ஓர் இடத்தைக் குறிக்கும், தீர்க்கரேகை, அட்சரேகை போன்ற எண்கள்) இரண்டு வகையில் கிடைக்கும்: 2000-ஆம் ஆண்டுக் கணக்கிலும், அன்றைய தேதிக் கணக்கிலும். என் நட்சத்திர வரைபடம் 2000 கணக்கு. நான் எடுத்ததோ மற்றது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி வித்தியாசம். மூன்று இரவுகள் வெற்று வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வரைபடம் எந்தக் கணக்கோ, அதையே எடுங்கள். நேரம் உலக நேரத்தில் இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

வியாழனின் வெளிச்சம்தான் பெரிய எதிரி. ஹிமாலியா அதிகபட்சம் சுமார் ஒரு டிகிரி வரை விலகிப் போகும். அரை டிகிரிக்கு மேல் விலகியிருக்கும் இரவைத் தேர்ந்தெடுத்து, வியாழனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

சரி, இப்போது 30 விநாடிப் படங்கள் 20 எடுத்து ஸ்டேக் செய்யுங்கள், அதாவது கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குங்கள். அதற்கு மேல் போனால் நிலவே நகர்ந்து, புள்ளி இழுபட்டு மங்கிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 20.

ஒரே படத்தை வைத்து 'இதுதான்' என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த மங்கலில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு ஸ்டேக்கையும் நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி, கணினியை மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு புள்ளி மட்டும் சுமார் 40 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) தாவும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது விடிகாலை மூன்றரை. திரையில் விரலை வைத்துக்கொண்டு, அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.