டைம் லூப் எபிசோட் எழுதுவது எப்படி

ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கிறது, யாரோ ஒருவருக்கு மட்டும் அது தெரிகிறது. சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்களும் காமெடித் தொடர்களும் இந்த ஒன்லைனை விடாமல் கையாள்வதற்குக் காரணம் உண்டு. புது செட் போட வேண்டாம், புது நடிகர்கள் வேண்டாம். முதல் தடவை பதற வைத்த அதே சம்பவம் ஐந்தாம் தடவை சிரிக்க வைக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் பல ஸ்கிரிப்டுகள் இரண்டாம் சுற்றிலேயே படுத்துவிடும். முதல் சுற்றில் விதைக்க வேண்டியதை விதைக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் லூப் எப்படி உடையப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் ஒரு சீன்கூட எழுத வேண்டாம். இதற்கு நல்ல பாடம் 1992 மார்ச்சில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'காஸ் அண்ட் எஃபெக்ட்'. எழுதியவர் பிரானன் பிராகா. டீசரிலேயே, அதாவது டைட்டிலுக்கு முன் வரும் துண்டிலேயே, விண்கப்பல் வெடித்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு கப்பல் மோத வரும்போது இரண்டு யோசனைகள் வருகின்றன: ஷட்டில் எனும் சிறு விண்கலங்கள் நிற்கும் கூடத்தின் காற்றை வெளியேற்றி நகரலாம் என்கிறார் கப்பலின் துணைத் தலைவர் ரைக்கர், டிராக்டர் பீம் என்ற விசைக் கதிரால் அந்தக் கப்பலைத் தள்ளலாம் என்கிறார் டேட்டா என்ற மனித வடிவ ரோபோ அதிகாரி. டேட்டா சொன்னதைச் செய்கிறார்கள், வெடிக்கிறது. கடைசிச் சுற்றில், முந்தைய சுற்றிலிருந்து டேட்டா தனக்கே அனுப்பிக்கொண்ட '3' என்ற எண் சீட்டாட்டத்திலும் கணினியிலும் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. இறுதி நொடியில் ரைக்கரின் காலரில் இருக்கும் மூன்று பதவிப் பொட்டுகள் டேட்டாவின் கண்ணில் படுகின்றன. சரியான யோசனை யாருடையது என்று புரிந்துவிடுகிறது. அந்தப் பொட்டுகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இருந்தவை. விடை இப்படிக் கண்ணெதிரிலேயே கிடக்க வேண்டும். கடைசிப் பக்கங்களில் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து லூப்பை உடைத்தால் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

அடுத்து, முதல் சுற்றில் 5 அல்லது 6 அடையாளங்களை வையுங்கள். ஒரு சத்தம், கீழே விழும் ஒரு பொருள், ஒரு வசனம், கதவைத் தட்டும் ஓர் ஆள், ஒரு தப்பான முடிவு, இப்படி ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்கட்டும். வரிசை மாறக் கூடாது. 2 விநாடி ஷாட்டில் காட்டினாலும் 'ஓ, இந்த இடமா' என்று பிடிபட வேண்டும். இவை 10-க்கு மேல் போனால் எதுவும் மனதில் தங்காது. மேலே சொன்ன எபிசோடில் டாக்டர் கிரஷரின் அறையில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கையாக அதை இடம் மாற்றி வைத்த பிறகும் உடைகிறது. தப்பிக்க முடியாது என்பதை அந்த டம்ளரே சொல்லிவிடுவதால் வசனம் தேவைப்படவில்லை.

யாருக்கு நினைவிருக்கிறது என்பதில்தான் கதையின் குணம் தீர்மானமாகிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் தனிமையும் தவிப்பும் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் மற்றவர்களுக்கு விளக்க வேண்டி வரும். அந்த விளக்க சீனை ஒருமுறைதான் முழுதாக எழுத வேண்டும். அடுத்த முறை இரண்டு வரி, அதற்கடுத்து எதிராளியின் பதில் மட்டும். இருவருக்கு என்றால் காமெடி தானாக வரும். 2000-இல் வந்த 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' எபிசோட் ஒன்றில் ராணுவக் குழுவைச் சேர்ந்த ஓ'நீலும் டீல்க்கும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். எழுதி வைத்த தாள் லூப்போடு அழிந்துவிடும் என்பதால் பழங்கால மொழி ஒன்றை இருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. படிப்பென்றால் முகம் சுளிக்கும் ஓ'நீலை அதில் உட்கார வைத்ததுதான் எழுத்தின் சாமர்த்தியம். 1999-இன் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' எபிசோடில் நினைவு இருப்பது நாயகர்களுக்கு அல்ல, வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவனின் காதலிக்கு. மிகக் கனமான தேர்வு அது.

பக்கக் கணக்கு: 42 நிமிட எபிசோடுக்கு முதல் சுற்று 10 பக்கம், இரண்டாவது 7, மூன்றாவது 6, பிறகு குறும்பு மான்டாஜ் (பல சுற்றுகளைச் சிறு துண்டுகளாக வேகமாகக் கோத்த பகுதி) 3, சோர்ந்து உடையும் சுற்று 5, கடைசிச் சுற்று 10. 22 நிமிடக் காமெடி என்றால் இதைப் பாதியாக்கினால் போதாது. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை ஒன்றாக்கிவிடுங்கள்.

மான்டாஜில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பது தவறு. அந்த ஆள் சாதாரண நாளில் எதைச் செய்யவே மாட்டாரோ அதைத்தான் செய்ய வேண்டும். ஓ'நீல் வேற்றுக் கிரகங்களுக்கு வழியான ஸ்டார்கேட்டுக்குள் கோல்ஃப் பந்தை அடிப்பதும், ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய கையோடு உடன் பணிபுரியும் கார்ட்டரை முத்தமிடுவதும் சிரிப்பை வரவழைப்பது ராணுவ ஒழுங்கு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான்.

மான்டாஜ் முடிந்ததும் பயம் போய்விடும். செத்தாலும் காலையில் எழுந்துவிடுவான் என்றால் யார் பதறுவார்கள்? அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நாயகனுக்குப் பதில் அவனுக்கு வேண்டிய ஒருவர் சாகட்டும். 2008-இல் 'சூப்பர்நேச்சுரல்' செய்தது அதுதான், தம்பியின் கண் முன்னே அண்ணன் செத்துக்கொண்டே இருக்கிறான். இல்லையென்றால் எதிரிக்கும் நினைவை ஒட்ட வையுங்கள். நம்மூரில் 2021-இல் வந்த 'மாநாடு' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும்.

படப்பிடிப்புக்கு ஒரு அட்டவணை போடாமல் போகாதீர்கள். இடப்பக்கம் அடையாளங்கள், மேலே சுற்று எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாயகனுக்கு அப்போது என்ன தெரியும், உடை எப்படி, கையில் என்ன. ஒரே லொகேஷனில் எல்லாச் சுற்றுகளையும் ஒரே நாளில் எடுக்கும்போது, எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று நடிகருக்கே குழம்பும். காயமும் கசங்கலும் காலையில் மறைந்துவிடும் என்பதால் களைப்பை நடிப்பில் மட்டுமே காட்ட முடியும். டம்ளர் உடைகிறதென்றால் 5 சுற்று, சுற்றுக்கு 4 டேக், ஆக 20 டம்ளர். எடுத்த ஷாட்டையே மறுபடி ஒட்டிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். 'காஸ் அண்ட் எஃபெக்ட்' எபிசோடை இயக்கிய ஜொனாதன் ஃப்ரேக்ஸ் ஒவ்வொரு சுற்றையும் வேறு ஆங்கிளில் புதிதாகவே எடுத்தார். வசனம் அதேதான், ஆனால் கேமரா இடம் மாறியதால் அதே சீட்டாட்டம் சுற்றுக்குச் சுற்று இறுக்கமாகிறது.

லூப் உடைந்ததை யாரும் வாயால் சொல்ல வேண்டாம். அடையாளங்களில் ஒன்றை மாற்றினால் போதும். 'சூப்பர்நேச்சுரல்' எபிசோடில் காலை ரேடியோவில் வேறு பாட்டு வருகிறது, விஷயம் முடிந்தது. அதன்பிறகு 2 பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.