‘மகாராஜா கார்’ விலைக்கு வந்தால்

பெங்களூரில் பழைய ரோல்ஸ்-ராய்ஸ் விலைக்கு வந்தால் மைசூர் மகாராஜா பெயரும் கூடவே வரும். பெயிண்டையும் அரச முத்திரையையும் விடுங்கள். முத்திரையை யாரும் ஒட்டலாம்.

சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டத்தின் எண்ணைத் தகட்டில் மட்டும் படித்தால் போதாது. தகட்டைப் புதிதாக அடித்துவிடலாம். இரும்பிலேயே பொறித்த எண்ணைத் தேடி, கிரீஸைத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் அப்படியே. பிறகு இங்கிலாந்திலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப்பிடம் அந்த சேஸிஸின் பதிவு அட்டை நகலைக் கேளுங்கள். முதல் உரிமையாளர் யார், பாடி கட்டியது யார் என்று அதில் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன் ரோல்ஸ்-ராய்ஸ் சேஸிஸும் இன்ஜினும்தான் தந்தது. பாடியை ஹூப்பர், பார்க்கர் போன்றவர்கள் கட்டினார்கள். அதனால் சேஸிஸ் அசலாக இருந்தும் பாடி வேறு காருடையதாக இருக்கலாம். பழைய போட்டோ கிடைத்தால் கதவுக் கீல்களையும் முன்கண்ணாடி ஃபிரேமையும் ஒப்பிடுங்கள். விளக்குகளை நம்பவேண்டாம், சுலபமாக மாற்றுவார்கள்.

ஆர்.சி.யில் உள்ள எண்களும் பென்சில் படியும் ஒத்துப்போக வேண்டும். பதிவே இல்லாத காரானால், 2021 விதிப்படி 50 வயது தாண்டியதற்கு வின்டேஜ் வண்டிகளுக்கான ‘வி.ஏ.’ வரிசை எண் உண்டு: கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருந்தால் கிடைக்காது. அட்வான்ஸ் கொடுக்குமுன் பாருங்கள்.