கேசினோ மெம்பர் கார்டு: கணக்கை மூடவைக்கும் தவறுகள்

கேசினோவில் மெம்பர் கார்டு வாங்கும் புதியவர்கள் பலர் அதைத் தள்ளுபடிக் கூப்பன் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்ட மெஷினில் செருகினால் பாயின்ட் ஏறும், பாயின்ட் ஏறினால் சாப்பாடும் அறையும் இலவசம், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது உங்கள் அடையாள ஆவணத்தோடு கட்டிய பதிவேடு. எந்த மெஷினில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், மொத்தம் எவ்வளவு பந்தயம் வைத்தீர்கள், எவ்வளவு திரும்ப வந்தது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று எல்லாமே உங்கள் பெயரில் பதிவாகிறது. இது புரியாமல்தான் ஒரே தவறுகளை ஒவ்வொரு புது ஆட்டக்காரரும் திரும்பத் திரும்பச் செய்கிறார்.

பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள், குடித்துவிட்டு ஆடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. கணக்கு மூடப்படுவதற்கும், "இனி இங்கே வராதீர்கள்" என்று சொல்லப்படுவதற்கும் காரணமாகும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

தோற்ற தொகையைப் பார்த்துச் சலுகை கொடுப்பதில்லை

"ஆயிரம் டாலர் தோற்றேன், ஒரு சாப்பாடுகூடக் கொடுக்கவில்லை" என்று கவுண்டரில் சண்டை போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேசினோ பார்ப்பது நீங்கள் நிஜமாகத் தோற்றதை அல்ல, கணக்குப்படி தோற்றிருக்க வேண்டியதை. ஊழியர்கள் இதைத் 'தியோ' என்பார்கள். சராசரி பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு உள்ள சாதக விகிதம் (பந்தயத்தில் சராசரியாகக் கேசினோவிடமே தங்கும் சதவீதம்), இந்த நான்கையும் பெருக்கினால் வருவது அது.

ஸ்லாட் மெஷினில் ஆட்டத்துக்கு 1 டாலர், மணிக்கு 600 சுழற்சி, 4 மணி நேரம் என்றால் மொத்தப் பந்தயம் 2,400 டாலர். மெஷினின் சாதகம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தியோ 192 டாலர். அதில் 20 முதல் 40 சதவீதம் வரை சலுகையாகத் திரும்பும் என்று எடுத்துக்கொண்டால் 38 முதல் 77 டாலர். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் கைக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 25 டாலர், மணிக்கு 70 கை, அதே 4 மணி நேரம் என்றால் பந்தயம் 7,000 டாலர். சாதகத்தை 1 சதவீதம் என்று கணக்கிட்டால் தியோ வெறும் 70 டாலர். மேசையில் பெரிய நோட்டாகப் போட்டவருக்குச் சிறிய சலுகையும், பக்கத்தில் ஒரு டாலர் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தவருக்குப் பெரிய சலுகையும் வருவது இதனால்தான்.

அடுத்த முறை வரும் அழைப்பும் இலவச ஆட்டத் தொகையும் பெரும்பாலும் ஒரு நாள் சராசரி தியோவை வைத்தே முடிவாகின்றன. இரண்டு நாளில் 400 டாலர் தியோ என்றால் சராசரி 200. மூன்றாம் நாள் கிளம்பும் அவசரத்தில் கார்டைச் செருகிப் பத்து நிமிடம் ஆடி 8 டாலர் தியோ சேர்த்தால், 408-ஐ மூன்றால் வகுக்க வேண்டும். சராசரி 136-க்கு இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடம் அடுத்த பயணத்தின் அறையையே பறித்துவிடலாம்.

அடுத்தவர் கார்டில் ஆடுவது

எல்லாத் தவறுகளிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இது. எத்தனை முறை சொன்னாலும் நிற்பதில்லை. கணவருக்கு உயர்ந்த அடுக்கு மெம்பர்ஷிப் இருக்கும், மனைவிக்கு ஆரம்ப அடுக்கு. "எல்லாவற்றையும் ஒரே கார்டில் போட்டால் சீக்கிரம் மேலே ஏறலாமே" என்று அவர் கார்டை இவர் மெஷினில் செருகிக்கொள்கிறார். நண்பர்கள் கூட்டமாகப் போனால் நான்கு பேர் ஆடுவதும் ஒருவர் கணக்கில் விழுகிறது. விதிமுறைத் தாளில் தெளிவாக எழுதியிருக்கும்: கார்டு ஒருவருக்கு மட்டுமே, மாற்றிக்கொடுக்கக் கூடாது, மீறினால் பாயின்ட் ரத்தாகும், கணக்கு மூடப்படலாம். கையெழுத்துப் போடும்போது அதைப் படிப்பவர் அரிது.

சிக்கல் ஜாக்பாட் அடிக்கும்போது வெளியே வருகிறது. அமெரிக்காவில் ஸ்லாட் ஜாக்பாட் குறிப்பிட்ட தொகையைத் தொட்டால் வரிப் படிவம் நிரப்ப வேண்டும். அந்த வரம்பு 2025 வரை 1,200 டாலர், 2026 முதல் 2,000 டாலர். தொகை விழுந்ததும் மெஷின் பூட்டிக்கொள்ளும், ஊழியர் வந்துதான் பணம் கொடுப்பார். ஒரு மனைவி கணவர் கார்டில் ஆடி 4,000 டாலர் அடிக்கிறார் என்று வையுங்கள். ஊழியர் கையில் உள்ள கருவியில் கணவர் பெயர் வருகிறது, நாற்காலியில் மனைவி இருக்கிறார். அடையாள அட்டை கேட்கிறார். பெயர் பொருந்தவில்லை. கேமரா பதிவைப் பார்த்து முடிக்கும் வரை பணம் நிறுத்தப்படுகிறது.

அதுவரைகூட இது விதிமீறல் மட்டும்தான். எச்சரிக்கையோடு முடிய வாய்ப்பு உண்டு. அடுத்த நிமிடம் நடப்பதுதான் எரிச்சலூட்டுகிறது. தூரத்திலிருந்து கணவர் ஓடிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து "நான்தான் ஆடினேன்" என்கிறார். இப்போது அது பொய் வாக்குமூலம், அதுவும் வரிப் படிவத்தில். தலைக்கு மேலே இருக்கும் கேமரா பொத்தானை அமுக்கிய கையைப் பதிவு செய்திருக்கிறது. கார்டு மாற்றத்தை மன்னித்திருக்கக்கூடிய மேலாளர் இதை மன்னிக்க மாட்டார். இரண்டு கணக்கும் போகும். ஜாக்பாட் அடித்த பிறகு தயவுசெய்து நாற்காலி மாறாதீர்கள். யார் அமுக்கினாரோ அவரே இருந்து, தன் அடையாள அட்டையைக் கொடுத்து, கார்டு யாருடையது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும்.

பணம் யாருக்கு என்பதிலும் குழப்பம் வேண்டாம். பொத்தானை அமுக்கியவருக்கே பரிசு என்பதுதான் வழக்கம். 2017-ல் புளோரிடாவின் ஹாலிவுட் நகரிலுள்ள செமினோல் ஹார்ட் ராக் கேசினோவில் ஒருவர் தன் பணத்தை மெஷினில் போட்டு, அதிர்ஷ்டத்துக்காகத் தோழியை அமுக்கச் சொன்னார். விழுந்தது 1 லட்சம் டாலர். அது முழுவதும் தோழிக்கே போனது. பணம் யார் போட்டார் என்பது கணக்கில் வரவில்லை.

இன்னும் இரண்டு ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. உங்கள் கார்டில் ஆடுபவர் போடும் ரொக்கம் உங்கள் பெயரில் ஏறுகிறது, பணமோசடித் தடுப்புக் கண்காணிப்பில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அடுத்து, கார்டை வாங்கிக்கொண்டவர் ஏற்கெனவே தடை செய்யப்பட்டவராக இருக்கலாம். சொந்தக் கார்டைக் காட்ட முடியாததால்தான் அவர் உங்களிடம் கேட்கிறார். பிடிபட்டால் கொடுத்தவர் கணக்கும் மூடப்படும்.

இத்தனைக்கும் லாபமாவது உண்டா? இரண்டு பேர் ஆட்டத்தை ஒரு கணக்கில் போட்டால் அந்தக் கணக்கின் சராசரி பொய்யாக ஏறுகிறது. அடுத்த முறை அவர் தனியாக ஆடும்போது சராசரி சரிந்து அழைப்பும் சுருங்குகிறது. மற்றவர் கணக்கு காலியாகவே கிடக்கிறது, அவருக்கு இலவச ஆட்டமும் அறையும் வருவதே இல்லை. தனித்தனியாக ஆடியிருந்தால் இருவருக்கும் அழைப்பு வந்திருக்கும்.

முறையான வழிகள் இருக்கின்றன. கார்டு கொடுக்கும் மேசையில் மூன்று கேள்வி கேளுங்கள். தம்பதியர் கணக்கை இணைக்க முடியுமா? முடியுமென்றால் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா? ஒரே கணக்குக்கு இரண்டாவது கார்டு தருவீர்களா, அதை யார் பயன்படுத்தலாம்? சில கேசினோக்கள் இரண்டாவது கார்டு தருவது ஒரே ஆள் பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் ஆடுவதற்காக மட்டுமே. ஒரே நேரத்தில் அரங்கின் இரு மூலைகளில் ஒரே கணக்கு திறந்திருந்தால் கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எதிரெதிராகப் பந்தயம் வைப்பது

பக்கரட் சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்ற இரு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் வைக்க வேண்டும். இருவர் சேர்ந்து, ஒருவர் பேங்கர் மீதும் இன்னொருவர் பிளேயர் மீதும் 100 டாலர் வைக்கிறார்கள். யார் ஜெயித்தாலும் பெரிய நஷ்டமில்லை, இருவருக்கும் பாயின்ட் ஏறும் என்பது திட்டம். பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதக் கமிஷன் போய் 95 டாலர்தான் வரும், அதனால் ஒவ்வொரு முறையும் 5 டாலர் இழப்பு. பேங்கர் ஜெயிப்பது சுமார் 46 சதவீதக் கைகளில். ஆக, கைக்கு ஏறத்தாழ 2.30 டாலர் கரைகிறது. சலுகையாகத் திரும்புவது அதில் ஒரு பகுதிதான். ஏற்ற இறக்கம் குறைந்ததே தவிர, நஷ்டம் குறையவில்லை. ரூலெட்டில் சிவப்பு 100, கறுப்பு 100 என்று வைப்பவர்கள் இன்னும் மோசம், பூஜ்யம் விழுந்தால் இரண்டும் போய்விடும்: ஒரு பூஜ்யச் சக்கரத்தில் சுற்றுக்குச் சராசரி 5.40 டாலர், இரண்டு பூஜ்யச் சக்கரத்தில் 10.50 டாலர்.

லாபம் வருவது இலவசப் பந்தயக் கூப்பனை ஒரு பக்கமும் சொந்தக் காசை மறுபக்கமும் வைக்கும்போது மட்டும். கேசினோக்கள் தடுக்க நினைப்பதும் அதையே. ஆனால் மேசைகளைக் கண்காணித்துப் பந்தயங்களைக் குறித்துக்கொள்ளும் பிட் சூப்பர்வைசர் கண்ணுக்குக் கூப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்சி ஒன்றுதான். வெறும் பாயின்டுக்காகச் செய்பவரும் சலுகையைச் சுரண்டுபவர் என்றே பதிவாகிறார். நஷ்டப்பட்டுக்கொண்டே தடையையும் வாங்குவது பரிதாபம்.

இரண்டாவது கணக்கு

பெயர் எழுத்தை மாற்றியோ வேறு முகவரி கொடுத்தோ திறக்காதீர்கள். தெரியாமல் இரண்டு இருந்தால் நீங்களே போய் ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

மெஷினில் கிடக்கும் கார்டும் கிரெடிட்டும் (எடுக்காமல் விட்ட மீதித் தொகை)

உங்களுடையது அல்ல. தொடாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். சில சென்ட் கிரெடிட்டை எடுத்ததற்காக வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு.

சூப்பர்வைசர் பார்க்கும்போது மட்டும் பந்தயத்தை ஏற்றுவது

சிப்பை (மேசையில் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையை) பாக்கெட்டில் ஒளித்துத் தோற்ற மாதிரி காட்டுவதும் இதே ரகம். தியோ தோல்வியைப் பார்ப்பதில்லை என்பதால் ஒளிப்பதில் பயனே இல்லை. சிப் தட்டுக் கணக்கு பொருந்தாதபோது சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

10,000 டாலர் வரம்பைத் தவிர்க்கப் பணத்தைப் பிரிப்பது

அமெரிக்காவில் ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் கேசினோ அரசுக்கு அறிக்கை அனுப்பும். அந்த அறிக்கையால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அதைத் தவிர்க்க 6,000, 5,000 என்று பிரித்துக் கட்டுவதுதான் குற்றம், பணம் நேர்மையாக வந்ததாக இருந்தாலும் குற்றம். "எவ்வளவு வரை போட்டால் படிவம் வராது?" என்று காசாளரிடம் கேட்பதே போதும், உங்கள் பெயரில் குறிப்பு எழுதிவிடுவார்.

சீட்டு எண்ணத் தெரிந்தவர் தன் மெம்பர் கார்டைக் கொடுத்து ஆடுவது

பிளாக்ஜாக்கில் மனத்தால் சீட்டு எண்ணுவது, அதாவது வெளியான சீட்டுகளை நினைவில் வைத்து மிச்சமுள்ளவற்றைக் கணிப்பது, சட்டவிரோதம் அல்ல. ஆனாலும் நெவாடாவில் கேசினோ உங்களை ஆட விடாமல் தடுக்கலாம். நியூ ஜெர்சியில் நிலைமை வேறு: கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கேசினோ தானாக விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே அடிக்கடி சீட்டைக் கலைப்பது, பந்தய உச்சத்தைக் குறைப்பது போன்ற வழிகளைக் கையாள்கிறார்கள். மெம்பர் கார்டு கொடுத்திருந்தால் உங்கள் பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் ஏற்கெனவே அவர்கள் கையில். சீசர்ஸ், எம்ஜிஎம் போன்ற பெரிய குழுமங்களில் மெம்பர்ஷிப் ஒன்றே என்பதால், ஓரிடத்தில் எழுதப்படும் குறிப்பு குழுமத்தின் மற்ற இடங்களிலும் தெரியும்.

தானே கேட்டு வாங்கிய தடையை மறப்பது

சூதாட்டப் பழக்கம் கைமீறிவிட்டதென்று தாங்களே முன்வந்து தடை கேட்டவர்களுக்கு இது. அது துணிச்சலான முடிவு, அதைக் குலைக்காதீர்கள். தடை நடப்பில் இருக்கும்போது உள்ளே போய்த் தோற்றால் பணம் திரும்பாது. ஜெயித்தாலும், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தத் தொகை பறிமுதல் ஆகும். சிங்கப்பூரில் குடும்பத்தினரும் ஒருவருக்குத் தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். தடைக் காலம் முடிந்ததும் பெயர் தானாக நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் விண்ணப்பித்து நீக்கினால்தான் உண்டு.

தடை சொன்னபோது வாதாடுவது

பாதுகாப்பு அதிகாரி சொல்வது எது என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். "பிளாக்ஜாக் ஆட வேண்டாம்" என்பது ஒன்று. "மெம்பர் கணக்கு மூடப்பட்டது" என்பது இன்னொன்று. "இந்த வளாகத்துக்குள் வரக் கூடாது" என்பது மூன்றாவது, அதுதான் கடுமையானது. நெவாடாவில் அந்த எச்சரிக்கைக்குப் பிறகு திரும்ப நுழைந்தால் அத்துமீறல் குற்றம். சாப்பாட்டுக் கடைக்குப் போனேன், நண்பரைக் கூப்பிடப் போனேன் என்பதெல்லாம் எடுபடாது.

கையிலுள்ள சிப்பும் மெஷின் டிக்கெட்டும் பணத்துக்குச் சமம், பாயின்ட் அப்படி இல்லை. பாயின்டைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், "வெளியேறும் முன் இவற்றைப் பணமாக மாற்றிக்கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தொகை, நேரம், அதிகாரியின் பதவி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நெவாடாவில் பரிசுத் தொகை குறித்த தகராறு 500 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், கேசினோவே உடனடியாக மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால், விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும்.

தடையை நீக்கக் கேட்பதென்றால், வாசலில் நின்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய், உறுப்பினர் எண், தேதி, என்ன நடந்தது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எழுத்தில் பதில் வரும் வரை அந்தக் குழுமத்தின் வேறு ஹோட்டலில்கூட அறை பதிவு செய்யாதீர்கள், ஏற்கெனவே செய்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.