கோழிக்கறி வாங்கும்போது கால் முட்டியைப் பாருங்கள்

ஆர்கானிக் கோழியா, பிராய்லர் கோழியா என்று குழம்புகிறவர்கள் முதலில் பிராய்லரை ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பயத்தை விட்டுவிடலாம். பிராய்லர் 5, 6 வாரத்திலேயே 2 கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம் பல தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்த இனமும் சத்து நிறைந்த தீவனமும்தான். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் பற்றி. நோயே இல்லாத கோழிக்கும் சீக்கிரம் வளரட்டும் என்று தொடர்ந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும், அது கோழி சாப்பிடாதவரையும் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே இந்தப் பழக்கத்தைத் தடை செய்துவிட்டது.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? தோலோடு முழுக் கோழி கிடைத்தால் கால் முட்டியை, அதாவது கால் சதை முடியும் இடத்து மூட்டை, திருப்பிப் பாருங்கள். அங்கே பழுப்பாகவோ கறுப்பாகவோ தழும்பு இருந்தால், அந்தக் கோழி ஈரமான எச்சத்தின் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறது, அதிலிருந்து வரும் அமோனியா சுட்ட புண் அது. நெஞ்சுக்கறியில் தசை ஓடும் திசையிலேயே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தால் மிக வேகமாக வளர்ந்த கோழி என்று அர்த்தம். சாப்பிட்டால் ஆபத்தில்லை, ஆனால் கொழுப்பு கூடுதல், புரதம் குறைவு.

அப்புறம் ஒன்று, ஆர்கானிக் என்பதற்காக அசட்டையாக இருக்காதீர்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி அதிலும் இருக்கலாம். பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சுற்றிலும் பரவும், அதனால் கழுவாமல் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூடாகும்வரை வேகவையுங்கள்.