காய்ச்சல், வெயில், வயிற்றுப்போக்கு: உடலின் வேலையைக் கெடுக்கும் தவறுகள்

நடுங்கும் காய்ச்சல்காரருக்கு ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உடம்பு கொதிக்கிறது, குளிரவைப்போம் என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பதோ வேறு.

உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்வது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். தொற்று வந்தால் அது அந்த இலக்கையே, உதாரணமாக 39க்கு, உயர்த்திவிடும். உடல் இன்னும் 37இல்தான் இருக்கிறது என்பதால் குளிரெடுக்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, கைகால் சில்லிட்டு, தசைகள் நடுங்கி வெப்பத்தைக் கூட்டுகின்றன. அப்போது ஐஸ் வைத்தால் நடுக்கம்தான் அதிகமாகும், நோயாளி தவித்துப்போவார். பாராசிட்டமால் இலக்கையே கீழே இறக்குகிறது. மாத்திரை போட்டபின் வியர்த்துக் கொட்டுவது அதனால்தான். அந்த நேரத்தில் கம்பளியால் இழுத்துப் போர்த்துவதும் தவறு. வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் கடும் வெயிலில் மயங்கி விழுந்தவரின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே இலக்கு மாறவில்லை; வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பேச்சு குழறுகிறது. பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அப்புறம் தண்ணீர். மணிக்கணக்காக ஓடி வியர்த்தவர் தாகத்தையும் மீறி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம். அதற்காக முதியவர்கள் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வயதானால் தாக உணர்வு மங்கும்.

வயிற்றுப்போக்கின்போது தண்ணீரை நிறுத்துவது இன்னும் மோசம். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும், பின்னாலேயே நீரும் போகும். சீக்கிரம் குணமாகட்டும் என்று பாக்கெட்டைக் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். அடர்த்தி கூடினால் அந்தக் கரைசலே உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீர், அவ்வளவுதான்.