கணக்குக் கொப்பியில் ஒரு விமானத்தின் நாள்

உப்புவெளி வீட்டு விறாந்தையில் தங்கச்சி மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. பல வருடம் விமான அட்டவணை போட்ட கை சும்மா இருக்காது.

முதலில் காலை 5.30ஐக் குறியுங்கள். கொழும்பு–சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பறப்பது மட்டுமல்ல, நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், அந்தத் தலைவலி இல்லை. பிறகு ஆட்களை இறக்கி, துப்புரவாக்கி, எண்ணெய் நிரப்பி, மறுபடி ஏற்ற 45 நிமிடம். இப்படியே போனால் எட்டுப் பறப்பு, இரவு 10.45க்குக் கொழும்பில் நிற்கும்.

"சரி மாமா, 45ஐ 30 ஆக்கினால்?" என்றாள்.

ஏழு இடைவெளியில் 105 நிமிடம் மிச்சம். ஆனால் இன்னொரு தடவை போய்வர நான்கு மணி நேரம் வேண்டுமே! ஒரு பக்கம் மட்டும் போனால் விமானம் சென்னையில் தூங்கும். மெக்கானிக்மார் கொழும்பில் விழித்திருப்பார்கள்.

அதனால் மிச்சத்தில் ஒரு மணி நேரத்தை மதியம் கொழும்பில் நிற்கும் இடைவெளியில் வையுங்கள். பைலட்டும் அங்கேயே மாறலாம். காலையில் 40 நிமிடம் பிந்தினாலும் அது விழுங்கிவிடும். இல்லாவிட்டால் அந்த 40 இரவுவரை கூடவே வரும். மீதி, இரவுப் பரிசோதனைக்கு.

அவள் மதியம் கொழும்பிலிருந்து புறப்படும் நேரமான 1.30ஐ அழித்து 2.30 என்று எழுதினாள்.